ஐ.பி. கொடுத்தால் கடன் போய்விடுமா?

ஜூன் 3, மாலை (கேள்வி)

வயது 31. மொத்தக் கடன் 14 லட்சத்துக்கு மேல். மூன்று கிரெடிட் கார்டு, இரண்டு பெர்சனல் லோன், போனில் எடுத்த ஆப் லோன் நாலைந்து, தெரிந்தவர்களிடம் புரோநோட் எழுதிக் கொடுத்து வாங்கியது கொஞ்சம். சம்பளம் 38,000. தவணை மட்டும் 41,000. வெளிநாட்டில் திவால் என்று அறிவித்து ஒரே அடியாகத் துடைத்துவிடுகிறார்கள். இங்கேயும் ஐ.பி. கொடுத்தால் ஒரு வக்கீல் நோட்டீசோடு முடிந்தது என்கிறார் என் மாமா. உண்மையா?

ஜூன் 3, இரவு

உன் மாமா சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும், பட்டவன்.

எனக்கு ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைதான் முக்கியத் தொழில். 2011இல் ஐ.பி. கொடுத்தேன். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை அடித்தே பிழைத்தவன் கடைசியில் தானே மஞ்சள் கடுதாசி கொடுத்தான் என்று ஊரில் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். நோட்டீஸ் அல்ல, நீதிமன்றத்தில் போடும் மனு. "என்னால் கடனைக் கட்ட முடியவில்லை, என் சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு, இன்னின்னாருக்கு" என்று எழுதி, சொத்தை நீதிமன்றத்தின் கையில் ஒப்படைப்பது. மனு போட்ட அன்றே எல்லா வழக்கும் நின்றுவிடும். சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடுவார்கள். அப்புறம் விடுவிப்பு உத்தரவு வாங்கினால்தான் கடன் போகும். என் விஷயத்தில் வீட்டைக் கோர்ட் எடுத்துக்கொண்டது, கடன் போகவில்லை. அது பெரிய கதை.

ஜூன் 4, காலை

நேற்றுத் தூக்கத்தில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். மனு போட்டதும் எதுவும் தானாக நிற்காது. மனுவை எடுத்து, கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போய், விசாரித்து, "இவர் நொடித்தவர்" என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் தனித்தனி வழக்குகள் நிற்கும். எனக்கு அந்த உத்தரவு வர ஒன்றே முக்கால் வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் கோர்ட் அமீனா இரண்டு முறை ஜப்திக்கு வந்தார். முதல் தடவை கட்டிங் மெஷின். இரண்டாவது தடவை எடுக்க ஒன்றும் இல்லாமல் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

உத்தரவு வந்த பிறகு ஒரு வசதி: அது மனு போட்ட தேதியிலிருந்தே நடப்பில் இருந்ததாகக் கணக்கு. எதிராளியின் வக்கீலுக்கு இது எரிச்சல்.

ஜூன் 4, மதியம்

எந்தச் சட்டம் என்று கேட்டிருக்கிறாய். இங்கேதான் தலை சுற்றும்.

சென்னைக்கு 1909ஆம் வருஷத்துச் சட்டம். பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்ற மூன்று மாநகரங்களுக்கும் போட்டது. மனு உயர் நீதிமன்றத்தில். சொத்தைப் பார்த்துக்கொள்பவர் அஃபிஷியல் அசைனி. மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் வருஷத்துச் சட்டம். அங்கே மனு மாவட்ட நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ. சொத்தை வைத்துக்கொள்பவர் அஃபிஷியல் ரிசீவர். நான் போனது இந்த இரண்டாவது வழி.

2016இல் திவால் சட்டம் புதிதாக வந்ததே என்பாய். வந்தது. கம்பெனிகளுக்கு உடனே அமலானது. தனிநபர்களுக்கான மூன்றாம் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் ஒரு பிரிவினருக்கு மட்டும் திறந்தார்கள்: கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்ட முதலாளிகள். நீயும் நானும் இன்னும் பழைய சட்டத்தில்தான். உன் கார்டு கடன் எந்த ஆப்பில் வந்திருந்தாலும் அதற்குப் பரிகாரம் தேடும் சட்டத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது.

ஜூன் 4, இரவு

நூறு வயது என்றேனே, ரூபாய் கணக்கைப் பார். கடன் 500 ரூபாய் இருந்தால் நீயே மனு போடலாம். கடன் கொடுத்தவரும் உன்மேல் போடலாம், அவருக்கும் அதே 500. விடுவிப்பு பெறாத நொடித்தவர், தான் நொடித்தவர் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாய்! உத்தரவு வந்த பிறகு டீக்கடையில் கணக்கு வைக்கவே பயந்தேன். மாஸ்டரிடம் "நான் இன்சால்வன்ட், இரண்டு டீ" என்று சொல்லவா முடியும்.

ஜூன் 5

இன்னொரு வாசகர் கேட்கிறார், புதிய சட்டத்தின் தனிநபர் பகுதி முழுதும் திறந்தால் நமக்கு நல்லதா என்று. ஏட்டில் இருப்பதைச் சொல்கிறேன். அதில் "புதிய தொடக்கம்" என்று ஒரு வழி. ஆண்டு வருமானம் 60,000க்குள், சொத்து மதிப்பு 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இருக்கக் கூடாது. இதெல்லாம் பொருந்தினால் 180 நாள் யாரும் தொடக் கூடாது, பிறகு கடன் தள்ளுபடி. ஆண்டுக்கு அறுபதாயிரம் என்றால் மாதம் ஐயாயிரம். இந்த அளவில் இருப்பவருக்கு எந்த வங்கி கார்டு கொடுத்தது? தண்டல்காரர்தான் கொடுத்திருப்பார். அவர் 180 நாள் சும்மா இருப்பாரா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தொகைக்கு மேலே உள்ளவர்களுக்குத் திருப்பிக் கட்டும் திட்டம் ஒன்று, அது நடக்காவிட்டால் திவால் என்று இரண்டு கட்டம். திவாலில் ஓராண்டில் விடுவிப்பு. கல்விக் கடன், ஜீவனாம்சம், அபராதம் இதில் போகாது. திறக்கும்போது பார்ப்போம்.

வெளிநாட்டில் ஒரே அடி என்றாயே, அமெரிக்காவில் ஏழாம் அத்தியாயம் என்ற வழியில் நாலைந்து மாதத்தில் விடுவிப்பு வந்துவிடுகிறது. ஆனால் வருமானம் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் பதின்மூன்றாம் அத்தியாயத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதில் மூன்று முதல் ஐந்து வருஷம் தவணை கட்ட வேண்டும். சம்பளக்காரனான நீ அங்கே இருந்தாலும் முழுசாகத் துடைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஜூன் 6, இரவு

என் கணக்கு கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை, கெஜட்டில் வந்த ஆள் நான். (பெயர் அச்சில் வந்து நான் ப்ரூஃப் பார்க்காத ஒரே சமயம்.)

மெஷின் லோன் 9 லட்சம். எட்டுப் பேரிடம் புரோநோட் ஏழரை லட்சம். பேப்பர் கடை பாக்கி 2.8 லட்சம். இரண்டு கார்டு 1.9 லட்சம். எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டியது 1.4 லட்சம். தண்டல் 40,000. ஆக 23 லட்சம்.

இந்த வரிசையில் ஐ.பி. எதைத் தொட்டது என்று பார். மெஷின் வங்கிக்கு அடமானம். ஈடு பெற்ற கடன்காரரின் உரிமையை ஐ.பி. தொடாது. வங்கி மெஷினை எடுத்து 3.1 லட்சத்துக்கு விற்றது, மீதிக்கு மற்றவர்களோடு வரிசையில் நின்றது. வீட்டை வங்கியில் வைத்திருப்பவர் ஐ.பி. கொடுத்து வீட்டைக் காப்பாற்றலாம் என்று நினைத்தால் நடக்காது. 2002 சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கியே சுவாதீனம் எடுக்கும், வழக்குக்கூடப் போட வேண்டாம். நகைக் கடனும் அதே மாதிரி, நகை அவர்கள் பெட்டியில்.

புரோநோட்டு, பேப்பர் கடை, கார்டு: இவற்றைத்தான் ஐ.பி. உண்மையில் நிறுத்தியது.

சீட்டு? சீட்டுக்கு ஜாமீன் போட்டது என் மச்சான். நான் நொடித்தவன் ஆனதும் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரனுடையதற்குச் சமம். எனக்கு விடுவிப்பே கிடைத்திருந்தாலும் அவருக்குக் கிடைக்காது, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மச்சான் என்னிடம் இப்போதும் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும்தான் கேட்பார்.

ஜூன் 7

தண்டல் விட்டுப்போய்விட்டது. 40,000க்கு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தேன். தமிழ்நாட்டில் 2003இலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயரோடு வருகின்றன. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 வரை அபராதம். எனக்கு அப்போது தெரியும். தைரியம்தான் இல்லை.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

செக்! இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடன் கட்டாதது குற்றம் அல்ல, சிவில் விவகாரம். ஆனால் செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கிக் கணக்கில் தவணை தானாகப் பிடிக்கக் கையெழுத்துப் போட்டிருப்பாயே, அது திரும்பினாலும் 2007ஆம் வருஷத்து வேறொரு சட்டத்தில் அதே மாதிரி வழக்கு வரும். ஐ.பி. இந்த வழக்குகளுக்குக் குடை பிடிக்காது. புரோநோட்டோடு "சும்மா செக்யூரிட்டிக்கு" என்று வெற்றுச் செக் கொடுத்திருக்கிறாயா? எண்ணிச் சொல்.

செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் கட்டினால் வழக்கு இல்லை. அந்த 15 நாளில் போய்ப் பேசு. தபால்காரரைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போகாதே. நான் போனேன். வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கணக்கு.

ஜூன் 9

"மூன்று வருஷம் தலைமறைவாக இருந்தால் புரோநோட் செத்துவிடும், ஐ.பி. எதற்கு" என்று ஒருவர். தெரிந்த மாதிரிதான் பேசுகிறார். காலவரையறை மூன்று வருஷம், சரி. ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு டிக்ரி (பணத்தைக் கட்டு என்ற கோர்ட் தீர்ப்பு) வாங்கிவிட்டால் நிறைவேற்றப் பன்னிரண்டு வருஷம் அவகாசம். நீ தலைமறைவு என்பதால் எக்ஸ்பார்ட்டியாகவே, அதாவது நீ கோர்ட்டுக்கு வராமலே, வாங்கிவிடுவார். அதற்குள் நோட்டின் பின்பக்கம் நூறு ரூபாய் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். எல்லாம் முடிந்துபோன கடனுக்கும் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் ஒப்பந்தம். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், படிப்பு மூன்றாம் வகுப்பு, வரவு வைக்கும் தேதியை மட்டும் தப்பவிட மாட்டார். இரண்டு வருஷம் பதினோரு மாதம் ஆனதும் வெற்றிலைப் பெட்டியோடு வாசலில் நிற்பார்.

ஜூன் 10

பயப்படுகிறவர்களுக்கு: பணக் கடன் டிக்ரிக்காகச் சிவில் சிறை என்று ஒன்று உண்டு. தொகை 5,000க்கு மேல் என்றால் மூன்று மாதம் வரை. ஆனால் வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறவரைத்தான் அனுப்பலாம், இல்லாதவனை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்களை இதற்காகக் கைது செய்யவே முடியாது. உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் வாரண்டு கேட்பதை விட்டுவிடுவார்கள்.

ஜப்தியிலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி, தாலி, பி.எஃப்., இவற்றைத் தொடக் கூடாது. சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உன்னுடையது. மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கலாம், அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம். 38,000 சம்பளம் என்றால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். இப்போது கட்டும் 41,000ஐ விடக் குறைவு! சும்மா கணக்குக்குச் சொன்னேன், இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதே.

ஜூன் 10, இரவு

கட்டிங் மெஷின் கைத்தொழில் கருவியில் வராதா, ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதின்மூன்று வருஷம் லேட்.

ஜூன் 12

ஒரு அம்மா கேட்டதை அப்படியே வைக்கிறேன்: "வீடு மனைவி பெயரில் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தீர்களே, பிறகு எப்படி உங்கள் வீட்டைக் கோர்ட் எடுத்தது?"

எப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று தெரியும்.

முதல் நாள் "கோர்ட் எடுத்துக்கொண்டது" என்று எழுதியபோது முழுசாகச் சொல்லவில்லை. வீடு என் அப்பா கட்டியது, என் பெயருக்கு வந்தது. 2010 ஆகஸ்டில் அதை மனைவிக்குத் தானசெட்டில்மென்ட் எழுதினேன். ஆறு மாதம் கழித்து ஐ.பி. போட்டேன். சொத்துப் பட்டியலில் வீட்டைக் காட்டவில்லை. பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் சொன்ன யோசனை. எல்லோரும் செய்வதுதான் என்றார், நானும் நம்பினேன். நம்பவில்லை, நம்ப விரும்பினேன்.

எழுதிக் கொடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு வந்து நொடித்தவர் என்று உத்தரவானால், விலை வாங்காமல் கொடுத்த அந்த எழுத்தை ரிசீவர் ரத்து செய்யக் கேட்கலாம். பேப்பர் கடைக்காரர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து ரிசீவரிடம் கொடுத்துவிட்டார். ஐம்பது ரூபாய் செலவில் என் வீட்டை வாங்கிவிட்டார் என்று அப்போது திட்டினேன். அவர் செய்தது சரி. இரண்டரை லட்சத்துச் சொச்சம் அவர் பணம், என் பொய்யில் மாட்டியிருந்தது.

எழுத்து ரத்தானது. 2014இல் வீடு ஏலம். மறைத்ததற்குத் தனியாகக் குற்ற நடவடிக்கை எடுத்திருக்கலாம், ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு. என் மனைவி கூண்டில் நின்று அழுததைப் பார்த்தோ என்னவோ, அதைக் கேட்டு யாரும் போகவில்லை. அவளுக்கு அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டாள்.

மனு போடுவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததையும் இதே மாதிரி திரும்பக் கேட்கலாம். தெரிந்தவருக்கு முதலில் கொடுத்துவிட்டு மற்றவருக்கு ஐ.பி. காட்டுவது நம் ஆட்களின் பழைய வித்தை.

ஜூன் 13

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்த வீட்டை நேரடியாக நானே விற்றிருந்தால் ஏலத்தை விட நாலு லட்சமாவது கூட வந்திருக்கும். புரோநோட்டுகாரர்களிடம் ரூபாய்க்கு அறுபது பைசா பேசி முடித்திருக்கலாம். ஏலத்தில் செலவு போக வந்ததைப் பங்கு போட்டதில் ஒவ்வொருவருக்கும் ரூபாய்க்கு நாற்பத்தொரு பைசா.

ஐம்பது பைசாக் கோடு என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது சொத்து தேறாவிட்டால், அது உன் தப்பால் அல்ல என்று காட்டினால் ஒழிய, முழு விடுவிப்பு கிடையாது. மறுக்கலாம், தள்ளி வைக்கலாம், நிபந்தனை போடலாம். சூதாட்டம், ஊதாரித்தனம், கணக்குப் புத்தகம் வைக்காதது, கட்ட முடியாது என்று தெரிந்தே வாங்கியது, இவையும் மறுக்கக் காரணங்கள். ஆன்லைன் ரம்மியில் விட்டவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். நான் கணக்குப் புத்தகம் வைத்திருந்தேன், அதுவும் அழகான பைண்டிங்கில். உள்ளேதான் ஒன்றும் இல்லை.

ஜூன் 14

அப்படியானால் விடுவிப்பு மறுத்தார்களா என்று நாலு பேர். மறுக்கவே இல்லை. நான் கேட்கவே இல்லை!

நொடித்தவர் என்ற உத்தரவிலேயே "இந்தக் காலத்துக்குள் விடுவிப்புக்கு மனு போட வேண்டும்" என்று இருக்கும். எனக்கு ஒரு வருஷம், அப்புறம் வக்கீல் கொஞ்சம் நீட்டிப்பு வாங்கினார். வீடு போனதும் வேறு ஊருக்கு வந்து ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வக்கீலுக்கு பாக்கி இருந்தது, போன் எடுக்க வெட்கம். 2015இல் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். இருந்த குடையும் போயிற்று. கடனை நிரூபித்து வைத்திருந்தவர்களுக்கு நடுவில் போன வருஷங்கள் காலவரையறைக் கணக்கில் சேராது, அவர்கள் புதிதாக நிறைவேற்று மனு, அதாவது எக்சிகியூஷன் பெட்டிஷன் போட்டார்கள். ஐ.பி. போய் இ.பி. வந்தது.

மறுபடி ஐ.பி. போடலாமே? இப்படி ரத்தானவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் மறுபடி போட முடியாது.

ஊரில் "ஐ.பி. கொடுத்துட்டான்" என்று முடிந்த கதையாகப் பேசுவார்கள். கொடுத்தவர்களில் எத்தனை பேர் விடுவிப்பு உத்தரவைக் கையில் வாங்கினார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. மனு போடுவது ஒரு நாள் வேலை. வெளியே வரும் கதவு விடுவிப்பு மனுவில்தான் இருக்கிறது என்று என் வக்கீல் முதல் நாளே சொன்னார். நான் சொத்தை ஒளிக்கும் அவசரத்தில் கேட்கவில்லை.

ஜூன் 15

"பெரிய ஆட்கள் எல்லாம் தப்பிக்கிறார்கள், நமக்குத்தான் இதெல்லாம்." வழக்கமான பெருமூச்சு. எப்போதும் அப்படி இல்லை. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. வங்கி நடத்தியவர்கள், ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. பங்குதாரர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், வெள்ளைக்காரர், சர் பட்டம் வேறு, 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்தச் சூட்டில்தான் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். விடுவிப்பு பெறாத நொடித்தவர் எம்.எல்.ஏ., எம்.பி. ஆகவும் முடியாது, அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. நம்மில் யாருக்கும் கட்டுத்தொகைக்கே வழியில்லை என்பதால் இது பெரிய இழப்பு இல்லை.

ஜூன் 17

கேள்வி கேட்ட தம்பி தனிக் கடிதத்தில் பட்டியல் அனுப்பியிருக்கிறான். அவன் சம்மதத்தோடு பொதுவாக மட்டும் எழுதுகிறேன். பத்துக்கு மேற்பட்ட கடன். சொத்து என்று ஒன்றும் இல்லை. ஒரு பெர்சனல் லோனில் அவன் அம்மா இணை விண்ணப்பதாரர். இரண்டு புரோநோட்டுக்கு வெற்றுச் செக்.

தம்பி, உனக்கு ஐ.பி. இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். அம்மா கையெழுத்துப் போட்ட கடன் உன்னிடமிருந்து நகர்ந்து அம்மா மேல் உட்காரும். செக் வழக்கு நிற்காது. சொத்தே இல்லாதவனுக்கு எட்டணாக் கோடு எட்டாது, "உன் தப்பால் அல்ல" என்று நிரூபிக்கும் வேலை உன் தலையில். கார்டு ஸ்டேட்மெண்டைப் பார்த்தேன், அந்த கோவா டிக்கெட்டை வைத்துக்கொண்டு கஷ்டம்.

கார்டை முதலில் நிறுத்து. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறாய். மாதம் மூன்றரை சதவிகிதம் என்றால் வருஷம் 42, அந்த வட்டிக்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. எங்கள் ஊர்த் தண்டல்காரர் இதைக் கேட்டால் கூச்சப்படுவார். சம்பளக் கணக்கும் லோனும் ஒரே வங்கியில் என்றால் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்று, இல்லாவிட்டால் பாக்கிக்கு ஈடாக அவர்களே பிடித்துக்கொள்ளலாம். அம்மா பெயர் இருக்கும் கடனையும் செக் கொடுத்த இரண்டையும் ஒழுங்காகக் கட்டு. மற்றவற்றுக்கு எழுத்தில் கேள்: தவணை நீட்டிப்பு, வட்டிக் குறைப்பு, கடைசியாக ஒரே தவணை சமரசம். சமரசத்துக்கு விலை உண்டு. உன் கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று பல வருஷம் நிற்கும். வங்கி "ரைட் ஆஃப்" செய்தது என்று யாராவது சொன்னால் தள்ளுபடி என்று துள்ளாதே, அது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இடம் மாற்றுவது, வசூல் தொடரும்.

ஜூன் 17, பின்னிரவு

கோவா டிக்கெட்டைப் பொதுவில் எழுதியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ தம்பி. நான் அச்சகம் முழுகும்போது புல்லட் வாங்கினவன்.

ஜூன் 20

ஆப் லோன்காரர்கள் அவன் அலுவலகத்துக்குப் போன் செய்கிறார்களாம். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட சுற்றறிக்கைப்படி வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, கேவலப்படுத்தக் கூடாது. கடன் ஆப் உன் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடவே கூடாது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு, கட்டணம் இல்லை. உதவி எண் 14448. ஆப்புக்குப் பின்னால் பதிவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ இல்லை என்றால் நேரே சைபர் கிரைம், 1930.

படத்தை மார்ஃபிங் செய்து அனுப்புவேன் என்று மிரட்டினால் பணம் கட்டி அடக்கலாம் என்று நினைக்காதே. வீட்டில் சொல்லிவிடு. அம்மாவிடம் முதலில். அவர்களுக்கு உன் கடன் ஏற்கெனவே தெரியும், நம் வீட்டு அம்மாக்களுக்குத் தெரியாமல் இருக்காது.

ஜூன் 23

ஒருவர்: அப்பா இறந்துவிட்டார், அவர் கடனுக்கு என்னை நெருக்குகிறார்கள், நான் ஐ.பி. கொடுக்கவா? வேண்டாம். அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. காரியத்தன்று வந்து புதுப் புரோநோட்டு நீட்டுவார்கள், அந்தத் துக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஜூன் 29

என் இ.பி. எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. மக்கள் நீதிமன்றத்தில். 2018, 2019 என்று மூன்று அமர்வுகளில் ஐந்து பேரோடு சமரசம். அங்கே வரும் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், வழக்குப் போடும் முன்பே கூடப் போகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100இல் கேட்கலாம். பெண்களுக்கு வருமானக் கணக்கு பார்க்காமலே இலவசம். பேப்பர் கடைக்காரரும் வந்தார். வட்டியை விட்டுவிட்டார். வெளியே வந்து அவரே டீ வாங்கிக் கொடுத்தார். குடித்த பிறகுதான் நினைத்துக்கொண்டேன், இப்போது நான் இன்சால்வன்ட் இல்லை, ஐம்பது ரூபாய்க்குத் தாராளமாகக் கடன் சொல்லலாம்.

ஜூலை 26

தம்பி எழுதியிருக்கிறான். ஒரு கார்டு சமரசத்துக்கு ஒத்துக்கொண்டார்களாம், 2.1 லட்சத்துக்கு 95,000, மூன்று தவணை. போனில் சொன்னார்களாம்.

போனில் சொன்னது காற்று. வங்கியின் தலைப்புத் தாளில், தொகை, தேதி, "இதோடு பாக்கி இல்லை" என்ற வாசகம், இவை வராமல் ஒரு ரூபாய் கட்டாதே. வசூல்காரர் சொந்த எண்ணுக்குப் பணம் போடாதே, உன் லோன் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும். கடைசித் தவணை கட்டியதும் பாக்கியில்லாச் சான்று கேள், இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்.

ஒரு புரோநோட்டையும் முடித்துவிட்டானாம். நோட்டு கைக்கு வந்துவிட்டது, செக்கைக் கிழித்துவிட்டதாகச் சொன்னாராம். கிழிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கு.

ஜூலை 27

சிரிப்பதற்குச் சொல்லவில்லை. துண்டுகளில் செக் எண் இருக்கும் பகுதியைப் பார்.